எல்லாம் கிடைத்த கடை: ஹட்சன் சாஃப்ட்

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் டிவி கேம் வாங்கிய பல வீடுகளில் ஒரு கேசட் இருந்திருக்கும். மேலே "9999 இன் 1" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். போட்டுப் பார்த்தால் இருப்பது இருபதோ முப்பதோதான். அதே கேம்கள் வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அந்தப் பட்டியலில் செங்கல் சுவர்களுக்கு நடுவே குண்டு வைத்துவிட்டு ஓடி ஒளியும் ஒரு வெள்ளைப் பொம்மை உண்டு. ஏணி ஏறித் தங்கம் பொறுக்கி, துரத்துபவர்களைக் குழி தோண்டி விழ வைக்கும் ஓர் ஆளும் உண்டு. இரண்டு பென்குயின்கள் உண்டு. ஒன்றை வலது பக்கம் நகர்த்தினால் மற்றது இடது பக்கம் போகும். இரண்டையும் ஒரே நேரத்தில் மேலே கொண்டு சேர்க்க வேண்டும். அண்ணன் தம்பி சண்டையெல்லாம் இந்த மூன்றில்தான் ஆரம்பிக்கும்.

மரியோவை யார் செய்தது என்று கேட்டால் நிண்டெண்டோ என்று பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். இந்த மூன்றையும் கேசட்டாக வெளியிட்டது யார் என்று கேட்டால்? பெரும்பாலும் மௌனம்தான். பாம்பர்மேன், லோட் ரன்னர், பைனரி லேண்ட் மூன்றையும் ஃபாமிகாம் கன்சோலில் வெளியிட்டது ஒரே நிறுவனம். பெயர் ஹட்சன் சாஃப்ட். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், சப்போரோ நகரத்தில் பிறந்தது. 2012 மார்ச் 1 அன்று கொனாமி நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு இல்லாமல் போனது.

கேம் நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை குத்திவிடுவது. நிண்டெண்டோ என்றால் மரியோ, ஸ்கொயர் என்றால் ஃபைனல் ஃபேன்டஸி, கேப்காம் என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டர். ஹட்சனுக்கு அப்படி ஒரு முத்திரை குத்த முடியாது. பாம்பர்மேன் என்று சொல்லலாம்தான். ஆனால் அது அந்தக் கடையின் ஒரு அலமாரி மட்டுமே. "எதிலும் நிலையாக நிற்காத நிறுவனம், அதனால்தான் மூழ்கியது" என்று ஹட்சனைப் பற்றிச் சொல்பவர்கள் உண்டு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று தமிழில் ஒரு பழமொழி இருக்கிறதே, அந்த மாதிரி.

அது தவறான கணக்கு. ஹட்சனின் பலவகைப் பட்டியல் அதன் பலவீனம் அல்ல. அதன் தொழில்நுட்பமே அதுதான். ஒரு மூலையில் செய்தது இன்னொரு மூலையில் முளைத்தது. அந்தப் பட்டியலில் இரண்டு பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பரணில் போட்டதுதான் உண்மையான நஷ்டம். எப்படி என்று பார்க்கலாம்.

ஆரம்பமே விசித்திரம். 1973-ல் கூடோ யூஜி, கூடோ ஹிரோஷி என்ற சகோதரர்கள் சப்போரோவில் ஒரு கடை திறக்கிறார்கள். அமெச்சூர் ரேடியோ சாமான்கள் விற்கும் கடை. கூடவே கலைப் புகைப்படங்களும் விற்றார்கள்! சகோதரர்களுக்கு ரயில் பைத்தியம். ஜப்பானின் சி62 என்ற நீராவி எஞ்சினின் சக்கர அமைப்புக்கு ரயில்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "ஹட்சன்". அதையே கடைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். பிறகு கம்ப்யூட்டர் சாமான்கள், பிறகு கம்ப்யூட்டர் கேம்கள். தபால் மூலம் கேம் விற்றவர்கள் இவர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததை ஒரே கூரைக்குக் கீழ் வைத்து விற்கும் புத்தி அன்றே வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கேம் மட்டும் இல்லை, கம்ப்யூட்டர் மொழியும் எழுதினார்கள். ஷார்ப் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்கு ஹூ-பேசிக் இவர்கள் கைவரிசை. 1984-ல் நிண்டெண்டோ தன் ஃபாமிகாமுக்குக் கீபோர்டோடு ஃபாமிலி பேசிக் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது அதை ஷார்ப்போடும் ஹட்சனோடும் சேர்ந்துதான் செய்தது. ஃபாமிகாமின் உள்ளே என்ன இருக்கிறது என்பது இப்படித்தான் ஹட்சனுக்கு அத்துப்படி ஆனது. விளைவு? ஃபாமிகாம் 1983 ஜூலையில் வந்தது. முதல் ஒரு வருடம் அதில் நிண்டெண்டோ பெயரில் வந்த கேம்கள்தான். 1984 ஜூலையில் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போன முதல் வெளி நிறுவனம் ஹட்சன். கையில் இரண்டு கேசட்: நட்ஸ் அண்ட் மில்க், லோட் ரன்னர். லோட் ரன்னர் அமெரிக்க கேம். டக்ளஸ் ஸ்மித் எழுதியது, 1983-ல் ப்ரோடர்பண்ட் வெளியிட்டது. அதை ஃபாமிகாமுக்குக் கொண்டுவந்து ஹட்சன் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். பாம்பர்மேன் 1983-லேயே ஜப்பானியக் கம்ப்யூட்டர்களில் வந்திருந்தது. அங்கே தொப்பி போட்ட ஒரு சாதாரண ஆள்தான் குண்டு வைப்பான். 1985 டிசம்பரில் ஃபாமிகாமுக்கு மாற்றும்போது ஓர் ஓவியம் வேண்டியிருந்தது. லோட் ரன்னரில் துரத்தி வரும் எதிரி ரோபோவின் படம் கைவசம் இருந்தது. அதை எடுத்துப் போட்டார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த வெள்ளைப் பொம்மை, வேறு ஒரு கேமில் வில்லனாக இருந்தவன்! சும்மா எடுத்துப் போட்டதோடு விடவில்லை, அதற்கு ஒரு கதையும் கட்டினார்கள். எல்லா அறைகளையும் கடந்து வெளியே வந்தால் ரோபோ மனிதனாக மாறிவிடும். அந்த மனிதன் யார் என்றால், லோட் ரன்னரின் கதாநாயகன். ஐம்பது அறைகளைத் தாண்டிய பையன்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இது.

ஒரே வகையான கேமை மட்டும் செய்யும் நிறுவனத்தில் இது நடந்திருக்காது. பக்கத்து மேஜையில் வேறு ஏதோ ஒன்று இருந்ததால்தான் நடந்தது.

அட்வென்ச்சர் ஐலண்ட் கதையும் இதே போலத்தான். எஸ்கேப் என்ற சிறு நிறுவனம் 1986-ல் வொண்டர் பாய் என்ற கேமைச் செய்தது. கேமின் உரிமை செய்தவர்களிடம். பெயரின் உரிமை சேகாவிடம். ஹட்சனுக்கு ஃபாமிகாமில் அதை வெளியிட வேண்டும், ஆனால் அந்தப் பெயரையும் அந்தப் பையனையும் தொட முடியாது. என்ன செய்யலாம்? தங்கள் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவரையே கதாநாயகன் ஆக்கிவிட்டார்கள். தொப்பி, புல் பாவாடை சகிதம் தீவில் ஓடும் அந்தக் குண்டு மனிதர் தகாஹாஷி தொஷியுகி. ஹட்சனின் விளம்பரப் பிரிவு ஊழியர்.

இந்தத் தகாஹாஷியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "மெய்ஜின்" என்றால் ஜப்பானில் கோ, ஷோகி போன்ற ஆட்டங்களில் பெரும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் பட்டம். கேம் விளையாடுபவருக்கு அந்தப் பட்டத்தை ஒட்டவைத்து, தகாஹாஷி மெய்ஜின் என்று ஊர் ஊராக அழைத்துப் போனது ஹட்சன். 1985 கோடை விடுமுறையில் "கேரவன்" என்ற பெயரில் ஜப்பான் முழுக்கச் சுற்றிப் போட்டி நடத்தினார்கள். முதல் வருடம் ஸ்டார் ஃபோர்ஸ், 1986-ல் ஸ்டார் சோல்ஜர், 1987-ல் ஹெக்டர். விண்கலத்தை ஓட்டிச் சுடும் கேம்கள். தகாஹாஷி ஒரு விநாடிக்கு 16 தடவை பட்டனை அழுத்துவார் என்பதுதான் பள்ளிக்கூடப் பையன்களின் பேச்சு. ஸ்டார் சோல்ஜரில் அந்த வேகம் இருந்தால்தான் வெடிக்கும் மாதிரி எதிரிகளைக் கூட வைத்திருந்தார்கள்.

அந்த மனிதர் மேடையில் பையன்களுக்குச் சொன்ன வாசகம்தான் இன்றும் ஜப்பானில் பலருக்கு ஞாபகம் இருக்கிறது: கேம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான்! கேம் விற்கும் கம்பெனியின் ஆள், கேம் விற்கும் மேடையில் நின்று சொன்னது. சாராயக் கடைக்காரர் மதுவிலக்கு பேசியது போல ஹட்சனுக்குள்ளேயே சிலருக்கு உறுத்தியிருக்கலாம். ஆனால் அம்மாக்கள் தகாஹாஷியை நம்பினார்கள். இன்றைக்கு மொபைலில் ஓடும் பல கேம்கள் ஒருவரை எத்தனை மணி நேரம் பிடித்து வைக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் செய்யப்படுகின்றன. எந்தக் கம்பெனியாவது இப்படி ஒருவரை மேடை ஏற்றுமா?

இனி ரயில். கடையின் பெயரிலேயே இருந்த ரயில், பதினைந்து வருடம் கழித்துக் கேமாக வந்தது.

1987-ல் மோமொதாரோ தென்செட்சு என்று ஒரு கேம். பீச் பழத்துக்குள் இருந்து பிறந்து, ராட்சதர்களின் தீவுக்குப் போய்ச் சண்டையிடும் பையனின் கதை. ஜப்பானில் பாட்டி சொல்லும் கதைகளில் முதல் வரிசைக் கதை அது. எழுதியவர் சகுமா அகிரா. ஷோனென் ஜம்ப் இதழில் வாசகர் பகுதியை நடத்திச் சிரிக்க வைத்தவர். அடுத்த வருடம், 1988-ல், அதே பாத்திரங்களை அள்ளி ஒரு ரயில் கேமுக்குள் போட்டார். மோமொதாரோ தென்தெட்சு. பாதிக் கதையும் பாதி டிரேட் விளையாட்டும் கலந்தது.

தாயம் உருட்டி ரயிலில் ஜப்பானைச் சுற்ற வேண்டும். ஒரு ஊரைச் சேரவேண்டிய இடமாகக் கேம் அறிவிக்கும். முதலில் போய்ச் சேர்பவருக்குப் பணம். வழியில் நிற்கும் ஊர்களில் அந்தந்த ஊர் சரக்கைச் சொத்தாக வாங்கலாம். தகமட்சு என்றால் ஊடோன் நூடுல்ஸ் கடை, உட்சுனொமியா என்றால் கியோசா கடை. வருடக் கணக்கு மார்ச்சில் முடியும், ஜப்பானியக் கம்பெனிகளின் கணக்கு மாதிரியே. யார் சேர வேண்டிய ஊரை விட்டு ரொம்பத் தள்ளி நிற்கிறாரோ அவர் முதுகில் "பின்போகாமி" என்ற வறுமைத் தெய்வம் வந்து ஏறிக்கொள்ளும். மூதேவி என்று இங்கே சொல்வார்களே, அந்த இனம். அது கூடவே வந்து, ஆசையாய் வாங்கிய சொத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடும். பக்கத்தில் வரும் நண்பன் மேல் அதைத் தள்ளிவிடலாம். நட்பு முறிந்தால் கம்பெனி பொறுப்பல்ல!

ஜப்பானில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் நாட்டின் ஊர்ப் பெயர்களையும், எந்த ஊரில் எது விசேஷம் என்பதையும் இதில்தான் கற்றார்கள் என்று சொல்வது மிகை இல்லை. பிற்பாடு 2023-ல் கொனாமியே இதன் ஒரு வகுப்பறைப் பதிப்பைப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. பூகோளப் புத்தகம் செய்ய வேண்டியதை வறுமைத் தெய்வம் செய்திருக்கிறது.

இதிலிருந்து இன்னொரு கிளை. ஒரே அறையில் நான்கு பேர் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கவிழ்ப்பது எப்படி என்பதில் ஹட்சனை மிஞ்ச ஆள் கிடையாது. 1990-ல் பிசி எஞ்சின் கன்சோலில் வந்த பாம்பர்மேனில் ஐந்து பேர் சேர்ந்து விளையாடலாம். 1996-ல் சேகா சாட்டர்னில் வந்ததில் பத்துப் பேர்! பத்துப் பேருக்கும் ஒரே டிவி. ஒரு பக்கம் பாம்பர்மேன் தந்த இந்த அனுபவம், இன்னொரு பக்கம் தாயம் உருட்டும் ரயில் கேம் தந்த அனுபவம். இரண்டும் ஒரே நிறுவனத்துக்குள் இருந்தன. 1998-ல் நிண்டெண்டோவுக்காக ஹட்சன் ஒரு கேம் செய்து கொடுத்தது. தாயம், பலகை, நடுநடுவே நான்கு பேர் அடித்துக்கொள்ளும் குட்டி விளையாட்டுகள். அதுதான் மரியோ பார்ட்டி. 2007-ல் வந்த எட்டாவது பாகம் வரை பெரிய கன்சோல்களில் அதைச் செய்தது ஹட்சன்தான். வெளியிட்டது நிண்டெண்டோ என்பதால் அட்டையில் மரியோ பெரிதாகத் தெரிவார். செய்தவர்கள் பெயர் கண்ணுக்குப் படாது.

பல மரம் கண்ட தச்சன் கதை இங்கே பொய்த்துப் போகிறது. இந்தத் தச்சன் ஒரு மரத்தில் வெட்டிய துண்டை எடுத்து வேறு மரத்தில் பொருத்தத் தெரிந்தவன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பந்தயம் 1987-ல். கேம் மட்டும் செய்தால் போதாது என்று கன்சோலே செய்யக் கிளம்பினார்கள். சில்லுகளை ஹட்சன் வடிவமைக்க, என்ஈசி நிறுவனம் தயாரித்து விற்றது. அந்தப் பிசி எஞ்சினில் கேசட்டுக்குப் பதில் கிரெடிட் கார்டு அளவில் ஹியூகார்டு. அடுத்த வருடமே, 1988 டிசம்பரில், அதற்கு ஒரு சிடி டிரைவ் வந்தது. வீட்டுக் கன்சோலில் சிடியில் கேம் ஓடியது அதுதான் முதல் தடவை. பிளேஸ்டேஷன் வர இன்னும் ஆறு வருடம் இருந்தது.

அந்தச் சிடியில் என்ன போடலாம் என்று யோசித்து, 1989-ல் தெங்காய் மக்யோ என்ற கேமை வெளியிட்டார்கள். ஜப்பானைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு வெளிநாட்டு அறிஞர் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது என்று ஒரு பாவனை. அந்த அறிஞரும் கற்பனை, புத்தகமும் கற்பனை. மேல்நாட்டுக்காரர்கள் ஜப்பானை எப்படியெல்லாம் தப்பாகக் கற்பனை செய்கிறார்களோ அந்தக் கற்பனையையே உலகமாகக் கட்டி, அதில் கதாநாயகனை அலையவிட்டார்கள். இசை, ர்யூயிச்சி சகமோட்டோ. 1992-ல் வந்த இரண்டாம் பாகத்துக்கு இசையமைத்தவர்களில் ஜோ ஹிசாயிஷி உண்டு. மியாசாகி படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் சொன்னால் போதும். ஒருவர் ஆஸ்கர் வாங்கியவர், மற்றவர் ஜப்பான் சினிமாவின் இசை முகவரி. அதே கம்பெனி அதே ஆண்டுகளில் தலையால் மோதிச் சண்டை போடும் ஒரு கற்காலக் குட்டிப் பையனை வைத்தும் ஒரு கேம் விற்றுக்கொண்டிருந்தது. பெயர் பிசி கென்ஜின். பிசி எஞ்சினை ஒட்டி ஒரு சிலேடை. "கென்ஜின்" என்றால் ஆதிமனிதன்.

இன்னும் என்னவெல்லாம்? தக்காளி இளவரசியைக் காப்பாற்ற வெள்ளரிக்காய் வீரன் போகும் கதை. டோரேமான். சண்டைக்காரர்கள் நடுவில் புலியாகவும் முயலாகவும் உருமாறும் பிளடி ரோர். வீ கன்சோலின் ரிமோட்டைக் காதில் வைத்தால் பேயின் குரல் கேட்கும் காலிங். நிண்டெண்டோ அனுமதியோடு கம்ப்யூட்டர்களுக்காக இவர்கள் செய்த ஒரு சூப்பர் மரியோ கூட உண்டு. திரை நகராது; ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம் சட்டென்று மாறும். அதைப் பார்த்தால் மரியோவே அழுதுவிடுவார்.

ஆம், சறுக்கல்களும் நிறைய. எல்லாம் கிடைக்கும் கடையில் புழு வைத்த அரிசியும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். கார்ட்டூன் பெயரை வாங்கி அவசரமாகச் சுட்டெடுத்த கேம்கள், ஒரே பாம்பர்மேனை வருடத்துக்கு ஒன்றாக அச்சடித்த காலம், எல்லாமே உண்டு. ஆனால் சறுக்கலுக்கு இடம் இல்லாத கடையில் வெள்ளரிக்காய் வீரனுக்கும் இடம் இருக்காது; வறுமைத் தெய்வத்துக்கும் இருந்திருக்காது. 1988-ல் ஒருவர் வந்து, "ரயிலில் போய் நூடுல்ஸ் கடை வாங்கும் கேம் செய்யலாமா?" என்று கேட்டால் சரி என்று சொல்ல ஒரு தனி மனசு வேண்டும்.

அப்படியென்றால் ஏன் மூழ்கியது? பலவகைச் சரக்கால் இல்லை. 1997 நவம்பரில் ஹொக்கைடோ தகுஷோகு வங்கி திவாலானது. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி வெடித்த பிறகு அடுத்தடுத்து விழுந்த நிதி நிறுவனங்களில் அதுவும் ஒன்று. ஹட்சனுக்குப் பணம் கொடுத்துவந்த முக்கிய வங்கி அதுதான். ஹொக்கைடோவில் எத்தனையோ கம்பெனிகளின் காலடியில் இருந்து தரை நழுவியது. ஹட்சன் பணத்துக்கு வேறு வழி தேடி 2000 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2001-ல் கொனாமி மிகப் பெரிய பங்குதாரர் ஆனது. 2005-ல் பாதிக்கு மேல் கொனாமி கையில். 2011 ஏப்ரலில் முழுவதும். 2012 மார்ச்சில் பெயரும் போனது. தகாஹாஷி 2011-லேயே விலகிவிட்டார். மரியோ பார்ட்டி செய்த ஆட்களில் பலர் நிண்டெண்டோவின் என்டி கியூப் நிறுவனத்துக்குப் போனார்கள். 2012-ல் ஒன்பதாவது பாகம் அங்கிருந்துதான் வந்தது.

கொனாமியை வில்லனாக்குவது சுலபம். நியாயமாகப் பார்த்தால், 2001-ல் அந்தப் பணம் வராமல் போயிருந்தால் ஹட்சனின் கதை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கக் கூடும். பாம்பர்மேனை 2017-ல் ஸ்விட்ச் கன்சோலோடு சேர்த்து மறுபடி கொண்டுவந்ததும் கொனாமிதான். ஆனால் ரயில் கேமின் விஷயத்தைப் பாருங்கள். 2015-ல் சகுமா அகிரா கொனாமியோடு கசந்துபோய், மோமொதாரோ தென்தெட்சு முடிந்துவிட்டது என்று ட்விட்டரில் பகிரங்கமாக அறிவித்தார். 2016-ல் அடுத்த பாகத்தை வெளியிட்டது நிண்டெண்டோ. பிறகு சமாதானம் ஆகி, 2020 நவம்பரில் கொனாமியே ஸ்விட்சில் வெளியிட்டது. என்ன ஆயிற்று? ஒரு வருடம் முடிவதற்குள் முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. பெருந்தொற்றில் வீட்டுக்குள் அடைந்துகிடந்த குடும்பங்கள் தாயம் உருட்டி ஊர் சுற்றின.

இறந்துவிட்டது என்று அதன் எழுத்தாளரே சொன்ன கேம் அது. பரணில் கிடப்பவற்றில் எது எப்போது பிழைக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இரண்டு பெயர்கள் பிழைத்தன. மற்றவற்றுக்கு அந்த வாய்ப்பு எங்கே?

ஹட்சனின் பழைய சரக்கு வாங்கக் கிடைத்த கடைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2006 முதல் வீ கன்சோலின் இணையக் கடையில் பிசி எஞ்சின் கேம்கள் வரிசையாகக் கிடைத்தன. 2019 ஜனவரியில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். வீ யூ கன்சோலின் கடை 2023 மார்ச்சில் மூடியது. 2020-ல் பிசி எஞ்சின் மினி என்று ஒரு குட்டிப் பெட்டி வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கேம்கள் உள்ளே. நல்ல காரியம்தான். ஆனால் பெட்டி கடையில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். சில கேம்கள் சந்தா சேவைகளிலும் தொகுப்புகளிலும் அவ்வப்போது தலைகாட்டும். சந்தா என்பது வாடகை வீடு. உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இது ஹட்சனோடு நிற்கும் பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் உள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று அது சொன்னது. ஒரு மொழியின் பழைய புத்தகங்களில் நூற்றுக்கு எண்பத்தேழு அச்சில் இல்லை, நூலகத்திலும் எடுக்க வழியில்லை என்றால் எத்தனை கூச்சல் எழும்! கேம் என்றால் மட்டும் "சின்னப் பசங்க விளையாட்டு" என்று கடந்துபோய்விடுகிறார்கள்.

உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் சொல்லும் பதில் தெரிந்ததுதான். பழையதை மறுபடி விற்கச் செலவாகும், ஒப்பந்தங்கள் சிக்கல், வாங்குபவர்கள் குறைவு. மூன்றும் உண்மை. இசையமைப்பாளர், எழுத்தாளர், கார்ட்டூன் உரிமையாளர் என்று ஒரு கேமுக்குள் பத்துக் கையெழுத்துகள் இருக்கும். ஆனால் விற்க முடியாதது வேறு, யாரும் பார்க்கவே முடியாதபடி பூட்டி வைப்பது வேறு. விற்பனைக்கு இல்லாத கேம்களை நூலகங்களும் காப்பகங்களும் ஆய்வு செய்பவர்களுக்கு எளிதாகத் திறந்து காட்ட அனுமதித்தால் யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது. கையெழுத்துச் சிக்கல் இல்லாத கேம்களையாவது விலை போட்டு ஒரு நிரந்தர அலமாரியில் வைக்கலாம். பத்து லட்சம் விற்காது. பத்தாயிரம் விற்கும். ஹட்சன் ஆரம்பித்ததே தபாலில் ஒவ்வொன்றாக விற்றுத்தானே!

இதில் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. அந்த "9999 இன் 1" கேசட் திருட்டுச் சரக்கு. சந்தேகமே வேண்டாம். செய்தவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. பல கேசட்டுகளில் முதல் திரையில் இருந்த ஹட்சன் பெயரைக் கூட அழித்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் பைனரி லேண்ட் பென்குயின்கள் மதுரையிலும் திருச்சியிலும் ஒரு வீட்டு வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது அந்த வழியில்தான். முறையாக அனுப்ப யாரும் இல்லை. திருடியவர்கள் பெயரை மறைத்தார்கள். சட்டப்படி வாங்கியவர்கள் பெயரை நிறுத்திவிட்டார்கள். செய்தவர்கள் பார்வையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்த முறை யாராவது பழைய கேசட்டைப் பற்றி ஆசையாகப் பேசினால், குண்டு வைக்கும் அந்த வெள்ளைப் பொம்மை எந்த ஊர்க்காரன் என்று சொல்லிக் கொடுங்கள். சப்போரோ, ரேடியோ கடை, ரயில் பைத்தியம் பிடித்த அண்ணன் தம்பி. கேட்பவர் நம்ப மாட்டார். பரவாயில்லை, பெயராவது காதில் விழட்டும்.